வட்டம் வெட்டிய தாள்கள்

"அப்ப இதை நீ எழுதலைன்னு சொல்றே."

"டைப் பண்ணினது நான்தான் மேடம்."

"அதையா கேட்டேன்? எழுதினது யாருன்னு கேட்டேன்."

"ரெண்டு பேரும்தான். சேர்ந்து பேசி..."

"சேர்ந்து பேசினீங்க. சரி. பச்சமுத்து யாரு?"

பிரின்சி குனிந்து பார்த்தாள். மேசைமேல் அவள் டைப் செய்து கொடுத்த இரண்டு தாள்கள் கிடந்தன. முதல் தாளின் மூன்றாவது வரியில் ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

"தெரியாது மேடம்."

"நாமகிரிப்பேட்டையில உனக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லை மேடம்."

"சர்வே நம்பர் இருநூத்திப் பதினாலு பார் மூணு பி. இது எங்கிருந்து வந்துச்சு? நான் கொடுத்த கதையில ஊரே கிடையாது. ஒரு கிணறு, ரெண்டு விவசாயி. ஒருத்தர் பேரு அ, இன்னொருத்தர் பேரு ஆ. அ-வோட அப்பா செத்துப்போயிட்டாரு, அவர் பேரு பச்சமுத்துன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

டெபோரா மேடம் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிரின்சிக்கு இருந்தது. முதலாண்டுச் சட்ட மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்துகிற மேடம் அதிர்ந்து பேசிக் கல்லூரியில் யாரும் கேட்டதில்லை. சட்ட ஆங்கிலம் என்பது தனி ஊர், அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காவல்காரன் நிற்பான் என்று முதல் வகுப்பில் சொன்னவர் அவர். இப்போது அந்தக் காவல்காரன் வேலையை அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ.ஐ.ல போட்டு எடுத்திருந்தாக்கூட இவ்வளவு கவலைப்பட மாட்டேன். அதுக்குப் பச்சமுத்துவைத் தெரியாது. இது நிஜமான கேஸ். யாரோ ஒரு கட்சிக்காரரோட பேப்பர். ஏதோ ஒரு வக்கீல் ஆபீஸ்ல இருந்து வெளியே வந்திருக்கு. அப்படின்னா இது காப்பி மட்டும் இல்லை, புரியுதா?"

"புரியுது மேடம்."

"சௌமியா எங்கே?"

"இன்னிக்கு வரலை. போன் ஸ்விட்ச் ஆஃப்."

மேடம் தாள்களை அடுக்கி நேராக்கினார். "வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் பிரின்சிபால்கிட்ட ரிப்போர்ட் கொடுக்கணும். அதுக்குள்ள நீ எழுதிக் கொடு. எது யார் எழுதினது, எங்கிருந்து வந்தது. உண்மையை எழுதினா உன் மார்க்கை நான் காப்பாத்த முடியும். இல்லைன்னா ரெண்டு பேருக்கும் பூஜ்யம். அடுத்த வருஷம் ஜூனியர்ஸ் கூட உட்கார்ந்து இந்தப் பேப்பரை எழுதணும். கமிட்டி விசாரணை அது தனி."

பிரின்சி வாசல்வரை போனபின் மேடம் மறுபடி கூப்பிட்டார். "நல்ல அஃபிடவிட் அது. அதான் கஷ்டமா இருக்கு. பதினஞ்சு வருஷத்துல ஒரு ஸ்டூடண்ட் இப்படி எழுதி நான் பார்க்கலை."

அந்த ஒரு வாக்கியம்தான் பிரின்சிக்குள் போய் முள்ளாகக் குத்தி நின்றது. எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் பிரின்சியின் அம்மா இசபெல்லா கான்வென்ட் பள்ளி ஆங்கில டீச்சர். சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்படி வளர்ந்த பெண் பிரின்சி. பள்ளியில் ஆங்கிலத்தில் இரண்டாவது வந்ததே கிடையாது. கல்லூரிக்கு வந்த முதல் வாரத்தில், பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் 'மே ஐ கம் இன்' கேட்கவே நாக்குத் தடுமாறுவதைப் பார்த்து, பாவம் என்று தன் நோட்டை நகர்த்தி வைத்தாள். அதுதான் சௌமியா. பள்ளிபாளையத்துப் பெண். பன்னிரண்டாவதுவரை தமிழ் மீடியம். வாரம் முழுக்க ஹாஸ்டல், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ்.

பாவம் பார்த்த காலம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. முதல் எழுத்துத் தேர்வில் சௌமியாவின் விடைத்தாள் வகுப்பைச் சுற்றி வந்தது. வாயைத் திறந்தால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராத பெண், பேனாவை எடுத்தால் ஐம்பது வருஷம் நீதிமன்றத்திலேயே குடியிருந்த கிழவர் மாதிரி எழுதினாள். நீளமான வாக்கியங்கள். ஒரு வாக்கியம் மூன்று வளைவு வளைந்து, ஏறி இறங்கி, கடைசியில் சரியான இடத்தில் போய் நிற்கும். எந்தச் சொல்லும் இன்றைக்கு யாரும் பேசுகிற சொல் அல்ல. ஆனால் எதுவும் தப்பில்லை.

இன்னொரு விநோதம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'திருத்தங்களின் எண்ணிக்கை: இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் குட்டியாகக் கையெழுத்துப் போடுவாள். தேர்வுத்தாளிலும் போடுவாள். நோட்டிலும் போடுவாள். ஒருமுறை ஹாஸ்டல் வார்டனுக்குத் தமிழில் எழுதிய லீவு லெட்டரில்கூடப் போட்டிருந்தாள்.

"கோர்ட்டம்மா வர்றாங்க, எல்லாரும் எந்திரிங்கப்பா," என்பான் பின் பெஞ்ச் ஜெபஸ்டின். "அம்மா, என் சட்டையில திருத்தம் ஏதாவது இருக்குதுங்களா?"

சௌமியா சிரிப்பாள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று யார் கேட்டாலும், "சும்மா, படிச்சதுதான்," என்பாள். எதைப் படித்தாய் என்றால் பேச்சை மாற்றிவிடுவாள்.

பிரின்சி கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான். சேர்ந்து படிக்க ஹாஸ்டல் அறைக்குப் போகும்போதெல்லாம் பார்த்தாள், நகைக்கடைத் துணிப்பை ஒன்றைச் சௌமியா தலையணைக்கடியிலேயே வைத்திருந்தாள். அறைக்குள் யாராவது வந்தால் கை தானாகப் பைக்குப் போகும். ஒரு நாள் அவளைத் தேடிப் போன பிரின்சி, ஹாஸ்டல் மாடிப்படியில் அவள் போனில் தணிந்த குரலில் பேசுவதைக் கேட்டாள். "வட்டத்தை வெட்டிட்டீங்கல்ல? வெட்டாததைக் கொண்டாராதீங்க. பாத்துச் சூதானமா." அன்று இரவு பிரின்சிக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. எந்த வட்டம்? யார் வெட்டுவது? கேள்வித்தாள் கட்டின் வட்டமான அரக்கு முத்திரை நினைவுக்கு வந்தது. அதை வெட்டித் திருடுகிறார்களா? சே, இருக்காது என்று புரண்டு படுத்தாள். ஆனால் ஒருமுறை முளைத்த சந்தேகம் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தது.

கிணற்று அஃபிடவிட் வந்தபோது இருவரும் ஜோடி. அஃபிடவிட் என்றால் சத்தியம் செய்து எழுதித் தருகிற வாக்குமூலம். தமிழில் கொடுத்த கதையை அப்படி ஆங்கிலத்தில் ஆக்க வேண்டும். பிரின்சி தன் பங்குக்கு ஒன்று எழுதி வைத்திருந்தாள். சௌமியா எழுதியதைப் படித்ததும் தன்னுடையதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. பச்சமுத்து யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால், அஃபிடவிட்டில் தகப்பன் பெயர் எழுத வேண்டும் என்பதுகூடவா தெரியாது என்று இவள் நினைத்துக்கொள்வாளோ என்று தோன்றியது. கம்முனு டைப் செய்தாள். அடியில் 'திருத்தங்களின் எண்ணிக்கை: இல்லை' என்பதையும் சேர்த்து.

செவ்வாய்க்கிழமையும் சௌமியா வரவில்லை. "உன் பார்ட்னர் ஆஜர் ஆகலையே. வாரண்ட் போட்டுறலாமா?" என்றான் ஜெபஸ்டின். வீட்டில் அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள். "உனக்குத் தெரிஞ்சதை எழுதிக் கொடுத்துட்டு ஒதுங்கு. யார் செஞ்ச தப்புக்கோ நீ எதுக்குச் சுமக்கணும்?"

எனக்கு என்ன தெரியும்? ஒரு துணிப்பை. ஒரு போன் பேச்சு. ஒரு செத்த மனிதரின் பெயர். அவ்வளவையும் எழுதினால் சௌமியாவை முடித்துவிடலாம். அது அவ்வளவு சுலபம் என்பதே பிரின்சியை உறுத்தியது. தான் அதை விரும்புகிறோமோ என்ற சந்தேகம், இத்தனை நாள் அடுத்தவள்மேல் வைத்திருந்த கண்ணைத் தன் பக்கம் திருப்பியது.

புதன்கிழமை காலை, கல்லூரிக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுப் புது பஸ் ஸ்டாண்டில் ஈரோடு பஸ் ஏறினாள். அஃபிடவிட்டின் முகப்புத்தாளில் இருவர் முகவரியும் இருந்தது. சங்ககிரி மலை ஜன்னலில் வந்து, வெகுநேரம் கூடவே ஓடி, பின் வேண்டாமென்று நின்றுவிட்டது. பள்ளிபாளையத்தில், ஆற்றுப் பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கியதும் சாயத் தண்ணீர் வாடையும், வேகவைத்த வைக்கோல் மாதிரிக் காகித வாடையும் சேர்ந்து மூக்கில் அறைந்தன. எந்தச் சந்தில் திரும்பினாலும் தறிச் சத்தம். அந்த ஊரில் பேசுகிறவர்கள் எல்லோரும் ஏன் ஒரு கட்டை மேலேயே பேசுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

முகவரி ஒரு பழைய காகிதக் குடோனின் பின்பக்க லைன் வீடுகளுக்குக் கொண்டுபோய் விட்டது. முன்பக்கம் ஒரு லாரி நின்றது. சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகளை ஆட்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் காவலாளி, வெளியே போகிற பெண்களின் சாப்பாட்டுப் போசியை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். சோற்றுப் பாத்திரத்துக்குள் அப்படி என்ன போய்விடும்?

நாலாவது வீட்டுக் கதவை ஒரு மனிதர் திறந்தார். ஒல்லி. பனியன், லுங்கி. கட்டைவிரலில் பிளேடு கீறின தழும்புகள். பிரின்சியின் கழுத்தில் தொங்கிய கல்லூரி அடையாள அட்டையில்தான் அவர் கண் முதலில் போனது.

"யாருங்க?"

"சௌமியா வீடுதானுங்களா?"

"நீங்க... காலேஜு ஆபீசுங்களா?"

"இல்லைங்க. அவ கூடப் படிக்கிறேன். பிரின்சி."

"ஓ." கதவு இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. "புள்ளைக்குக் காச்சலுங்க. படுத்திருக்குது. என்னாச்சுங்க, ஏதாச்சும் சொல்லிவுட்டாங்களா?"

"இல்லைங்க. சும்மாதான் பார்க்க வந்தேன்."

"சேலத்துல இருந்து சும்மாவா?" என்றார் அவர். அது கேள்வியா, குற்றச்சாட்டா என்று சொல்ல முடியாத குரல்.

உள்ளேயிருந்து, "அப்பா, உடுங்க. அவ என்ற பிரெண்டுதான்," என்று கேட்டது.

அந்த மனிதரின் முகம் அந்தக் கணமே வேறாகிவிட்டது. "அட, உள்ள வா சாமி! ஒறம்பரையா வந்த புள்ளைய நிக்க வெச்சு விசாரிக்கறேன் பாரு, என்னைச் சொல்லோணும். உக்காரு கண்ணு. அவங்கம்மா தறிக்குப் போயிருக்கறா. நான் போயி டீ வாங்கியாரேன்." சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்று மகளை ஒரு பார்வை பார்த்தார். எதையும் சொல்லிவிடாதே என்கிற பார்வை. பிரின்சி அதையும் பார்த்துவிட்டாள்.

சௌமியாவுக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றுமில்லை. சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு வந்தே?"

"பச்சமுத்து யாருன்னு கேட்க."

"மேடம் அனுப்புனாங்களா?"

"நானா வந்தேன்."

"நம்பறாப்புல இல்லையே புள்ள."

"நீ மட்டும் நம்பறாப்புலயா இருக்கே?" பிரின்சிக்குக் குரல் தானாக ஏறியது. "நாளைக்கு நாலு மணிக்கு நான் எழுதிக் கொடுக்கணும். உன் பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. வட்டத்தை வெட்டிட்டீங்களான்னு நீ போன்ல பேசினதைக் கேட்டேன். எந்த வக்கீல் ஆபீஸ்ல இருந்து எடுத்தே? யார் எடுத்துத் தர்றா? சொல்லலைன்னா, கேட்டதை அப்படியே எழுதிடுவேன்."

 பக்கத்து வீட்டுத் தறி நூல் அறுந்து நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. சௌமியா எழுந்து, கட்டிலுக்கடியில் கைவிட்டு ஒரு தகரப்பெட்டியை இழுத்துத் திறந்தாள்.

தாள்கள். பெட்டி நிறையத் தாள்கள். மஞ்சள் ஏறியவை, மூலை மடங்கியவை, டைப் அடித்த ஆங்கில எழுத்துகள் மறுபக்கம்வரை குத்தித் தெரிகிற மெல்லிய தாள்கள். முக்கால்வாசித் தாள்களில் ஓர் ஓரத்தில் காசு அகலத்துக்கு வட்டமான ஓட்டை. யாரோ பிளேடால் பொறுமையாக வெட்டி எடுத்த ஓட்டை. பிரின்சி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டை வழியாக எதிர்ச்சுவரும் நாள்காட்டியும் தெரிந்தன.

"என்ற பையில இருந்ததும் இதான். திருப்பிப் பாரு," என்றாள் சௌமியா.

மறுபக்கத்தில் கணக்கு இருந்தது. மீச்சிறு பொது மடங்கு. பென்சிலில், கோணல்மாணலாக, ஒன்பதை எப்போதும் இடம்வலம் மாற்றி எழுதுகிற ஒரு சின்னப் பிள்ளையின் கை. ஓரத்தில் 'ஆறாம் வகுப்பு ஆ பிரிவு' என்று எழுதி, சுற்றிப் பூக்கள் வரைந்திருந்தது.

"காலாவதியான கோர்ட்டுக் கட்டெல்லாம் முன்னாடி இருக்கற குடோனுக்குத்தான் வருது. அரைச்சுக் கூழாக்கறதுக்கு முன்னாடி நூலை, பின்னை, டேக்கை எல்லாம் பிரிச்சு எடுக்கோணும். எங்கப்பாவுக்கு அதான் வேலை. பத்தொம்பது வருசமா." சௌமியா நிதானமாகச் சொன்னாள், பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தவள்போல. "ஒரு பக்கம் வெள்ளையா இருக்குதேன்னு ரஃப் நோட்டுக்குக் கொண்டாந்தாரு. பனியனுக்குள்ள வெச்சு. நான் கணக்குப் போடுவேன். கணக்கு முடிஞ்சுட்டா வேற என்ன இருக்குது? திருப்பிப் படிப்பேன். டிக்சனரி வெச்சுட்டு ஒவ்வொரு வார்த்தையா. ஆறாவதுல ஆரம்பிச்சது."

பிரின்சி ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பினாள். ஒரு பக்கம் பாகப்பிரிவினை, மறுபக்கம் பின்னங்கள். ஒரு பக்கம் ஜீவனாம்சம் கேட்கும் ஒரு பெண்ணின் மனு, மறுபக்கம் முக்கோணங்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும், மங்கிய டைப்பில், 'திருத்தங்களின் எண்ணிக்கை: இல்லை'. பக்கத்தில் யாரோ ஒரு வக்கீலின் கிறுக்கல்.

"அதை எல்லாரும் எழுதோணும்னு நெனச்சேன்," என்றாள் சௌமியா. "இங்கிலீசு எழுதுனா அடியில அது வரோணும்னு. நான் பார்த்த ஒரு தாள்லகூட அது இல்லாம இல்லையே. காலேஜு வந்துதான் கோர்ட்டுப் பேப்பருக்கு மட்டும்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள கை பழகிருச்சு. தகப்பன் பேரும் அப்படித்தான். பேரில்லாத ஆளை எப்படி எழுதறது? அ-வுக்கு அப்பா வேணுமேன்னு, பெட்டியில இருந்த ஒருத்தரைக் கொடுத்தேன். அவரு செத்து அறுபது வருசம் இருக்கும். யாரு கேக்கப் போறான்னு இருந்தேன்."

"அந்த ஓட்டை?"

"அது சீலு. சீல் இருந்தாத்தான் அது சர்க்காரு பேப்பர், சீலை எடுத்துட்டா வெறும் தாளுன்னு எங்கப்பா நெனைப்பு. சட்டப்படி அப்படி இல்லைன்னு நான்தான் இந்த வருசம் படிச்சேன். அவருகிட்ட இன்னும் சொல்லலை."

வாசலில் நிழல் விழுந்தது. டீயோடு வந்த சௌமியாவின் அப்பா கண்ணுசாமி, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சொம்பு லேசாகச் சாய்ந்து டீ தரையில் சொட்டியது.

"காமிச்சுட்டியா சாமி?"

"அவ சொல்ல மாட்டாப்பா."

பிரின்சி அப்படி எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினாள்.

அவர் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கை சும்மா இருக்க மாட்டாமல் தாள்களை அடுக்கியது. "எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க சாமி. ஆனாப் புள்ள கேட்டதை எடுத்தாந்துருவேன். அஃபிடவிட்டு வேணும்பா. அதைக் கண்டுபிடிக்கறது சுளுவு. மொத வரியில ஒத்தைக் கோடாட்டம் ஒரு எழுத்து, தொணைக்கு ஆளில்லாமத் தனியா நிக்கும்." ஒரு தாளை எடுத்து, 'நான்' என்று பொருள்படுகிற அந்த ஒற்றை ஆங்கில எழுத்தைத் தழும்பு விரலால் தொட்டுக் காட்டினார். "இதா, இவன்தான்."

பிரின்சி குனிந்து படித்தாள். நாமகிரிப்பேட்டை. காலஞ்சென்ற பச்சமுத்துவின் மகன். வயது நாற்பத்தேழு. கிணற்றில் தனக்கு மூன்று நாள் முறைத் தண்ணீர் உண்டு என்றும், அதை எதிராளி சங்கிலி போட்டுத் தடுத்தான் என்றும், பயிர் காய்ந்துகொண்டிருக்கிறது என்றும், ஆகவே... அங்கே தாள் முடிந்தது.

"அடுத்த பக்கம் எங்கே?"

"கூழாப் போயிருக்கும்," என்றாள் சௌமியா. "முழுசா ஒரு கேசும் என்கிட்ட இல்ல. எல்லாமே பாதிதான். அவருக்குத் தண்ணி கெடச்சுதா இல்லையான்னு தெரியாமயே ஆறு வருசம் இருந்துருக்கேன்."

பெட்டிக்குள் அத்தனை மனிதர்கள் பாதி வாக்கியத்தில் நிற்பதாகப் பிரின்சிக்குத் தோன்றியது. ஒரு பெண் நீதிமன்றப் படியில் ஒரு காலை வைத்தபடி. ஒருவர் வறண்ட வாய்க்காலின் ஓரத்தில், சங்கிலியைக் கையில் பிடித்தபடி. பேசத் தொடங்கிய எல்லோரையும் கடைசிவரை கேட்பதற்கு ஒருத்தி இங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்த நேரத்தில் பிரின்சி ஃபேர்லேண்ட்ஸில் உணவு மேசையில் உப்பை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை அப்படியே மேடம்கிட்டக் காட்டிடு," என்றாள் பிரின்சி. வார்த்தைகள் முந்திக்கொண்டு வந்தன. "இந்தக் கணக்கெல்லாம் ஆறாம் வகுப்புல போட்டது. யார் பார்த்தாலும் நம்புவாங்க. நீ காப்பி அடிக்கலைன்னு..."

கண்ணுசாமி மகளைப் பார்த்தார். சௌமியா அப்பாவைப் பார்க்கவில்லை.

"எங்கிருந்து வந்துச்சுன்னு மேடம் கேப்பாங்க. நல்லவங்கதான், கேட்டுத்தான் ஆகோணும். ரிப்போர்ட்டுல எழுதோணும். பிரின்சிபால் குடோனுக்குப் போன் பண்ணுவாரு. போன மாசம் கந்தன்னு ஒரு அண்ணன், பழைய ரசீதுப் புக்கு ஒண்ணை எடுத்துட்டுப் போனாருன்னு அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. இந்த ஊடும் குடோனோடதுதான். வேலை போச்சுன்னா ஊடும் போச்சு. எங்கப்பா மேல கேசுகூடப் போடலாம். எந்த செக்சன்ல போடுவாங்கன்னும் எனக்குத் தெரியும். அதான் எடஞ்சலே."

"நான் வேணும்னா ஒத்துக்கறேன் சாமி," என்றார் கண்ணுசாமி. "புள்ள படிப்புக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது."

"நீங்க கம்முனு இருங்க," என்றாள் மகள்.

ஒன்றரை மணி பஸ்ஸுக்குச் சௌமியா கூடவே நடந்து வந்தாள். காவலாளியைத் தாண்டும்போது இருவரும் பேசவில்லை. அவர் பிரின்சியின் தோள்பையை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் எடுக்காமலே பிரின்சி பையை உடம்போடு அணைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பனியனுக்குள் தாளை வைத்துக்கொண்டு இந்த இடத்தை இப்படியா கடந்தார் அந்த மனிதர்?

பாலத்து முனையில், புளியமர நிழலில் நின்றபோது, சௌமியா நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். இரண்டு பக்கமும் வெள்ளையான தாள். கடையில் வாங்கியது. அவள் கையில் அப்படி ஒரு தாளைப் பிரின்சி பார்த்ததே இல்லை.

கையெழுத்து சௌமியாவுடையது. ஆங்கிலம். முதல் வரியில் அந்த ஒற்றை எழுத்து, துணைக்கு ஆளில்லாமல்.

நான், பிரின்சி, சேவியர்ராஜின் மகள், வயது பதினெட்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வசிப்பவள், மனசாட்சிப்படி உறுதியளித்துக் கூறுவது யாதெனில். கிணற்று அஃபிடவிட் முழுவதையும் நானே எழுதினேன். என் ஜோடியின் பங்கு எதுவும் அதில் இல்லை, அவள் பெயர் நட்புக்காகச் சேர்க்கப்பட்டது. தந்தையின் பெயரும் சர்வே எண்ணும், என் தாத்தா சவரியார் வைத்திருந்த பழைய பத்திரம் ஒன்றில் நான் படித்து நினைவில் இருந்தவை.

ஐந்து பத்திகள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தன் வாயால் இத்தனை வருஷம் பேசிய எந்த ஆங்கிலத்தையும்விடத் தன்னை மாதிரியே ஒலிக்கிற ஒரு குரல். எங்கும் பழைய கிழவர் இல்லை. பிரின்சி பேசுவதைப்போலவே சின்னச் சின்ன வாக்கியங்கள்.

"என் தாத்தா பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் சொன்னே. முதல் வாரம், கேன்டீன்ல. ஏற்காட்டு அடிவாரத்துல அவருக்கு நெலம் இருந்துச்சுன்னு."

பிரின்சிக்கு நினைவில்லை. அவள் சொல்லி மறந்ததெல்லாம் இவளிடம் பத்திரமாக இருக்கிறது. 

"இதை எப்ப எழுதினே?"

"திங்கக்கெழமை. வெள்ளிக்கெழமையே மேடம் அந்தப் பேரைச் சுத்தி வட்டம் போடறதைப் பார்த்துட்டேன்."

"நான் இன்னிக்குத்தானே வந்தேன். வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சௌமியா பாலத்தின் பக்கம் பார்த்தாள். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து சேலம் பஸ் மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தது. "தெரியாது. வந்தீன்னா குடுக்கலாம்னு."

"அப்ப உனக்கு?"

"எனக்குப் பூஜ்யம் வரும். ஒண்ணுமே எழுதாதவளுக்குப் பூஜ்யம்தான். அடுத்த வருசம் எழுதிக்கறேன், எனக்கொண்ணும் அது கஷ்டமில்ல. உன்னைத் தோண்டித் துருவ மாட்டாங்க. உங்கம்மா இங்கிலீசு டீச்சர். நீ எழுதுனேன்னு சொன்னா எல்லாரும் அப்படியான்னு கேட்டுட்டுப் போயிருவாங்க. நான் எழுதுனேன்னு சொன்னாத்தான் எங்கிருந்துன்னு கேப்பாங்க."

அது உண்மை. அந்த உண்மைதான் பிரின்சியைச் சுட்டது. பதினைந்து வருஷத்தில் ஒரு மாணவி இப்படி எழுதிப் பார்த்ததில்லை என்று மேடம் சொன்னது, இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போட்டால் தன்னுடையதாகிவிடும். அது தனக்கு வேண்டும் என்பதை இவள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாளோ? தெரிந்துதான் இதை எழுதினாளா? தனக்காகப் பயப்படுகிற பெண்ணா இவள், அல்லது தன்னை அடிமுதல் நுனிவரை படித்து முடித்துவிட்டவளா?

பஸ் வந்து நின்றது. "சங்ககிரி, சேலம், ஏறுங்க ஏறுங்க," என்று கண்டக்டர் படியில் தட்டினார்.

பிரின்சியின் கண் தாளின் அடிப்பக்கத்துக்குப் போனது. அங்கே எதுவும் இல்லை. முதன்முறையாகச் சௌமியா 'திருத்தங்களின் எண்ணிக்கை' வரியை எழுதாமல் விட்டிருந்தாள். வெறும் வெள்ளை, அதன்கீழ் புள்ளி வைத்து இழுத்த ஒரு கோடு.

"படிச்சுட்டீல்ல," என்றாள் சௌமியா. பேனாவின் மூடியைக் கழற்றி, முனை தன் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்டினாள். "ஒரே ஒரு கையெழுத்து. போட்டுக் குடுத்துரு, புள்ள."